மூணு கன்சோல் எதுக்கு, ஒண்ணு போதாதா?

#1 நீலத்திரை

ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டு இருக்கற கேள்வி. ஒரு படத்தட்டு வாங்கினா எந்த கம்பெனி பிளேயர்லயும் போட்டுப் பார்க்கலாம். கேமுக்கு மட்டும் ஏன் இந்தப் பெட்டிக்கு இது, அந்தப் பெட்டிக்கு அதுன்னு பிரிச்சு வச்சிருக்காங்க? கேம் ஆடற இந்தப் பெட்டிகளைத்தான் கன்சோல்னு சொல்றோம். மரியோ வேணும்னா நின்டெண்டோ பெட்டி, காட் ஆஃப் வார் வெளிவந்த அன்னிக்கே ஆடணும்னா சோனியோட பிளேஸ்டேஷன், இது போக மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ். எல்லா கம்பெனியும் உக்காந்து பேசி ஒரே தரத்துல ஒரே பெட்டி கொண்டுவந்தா, பணம் மிச்சம், இடம் மிச்சம், நண்பர்கள் எல்லாரும் ஒண்ணா ஆடலாம். போட்டி நல்லதுன்னு பொதுவா சொல்லாதீங்க. ஆடுறவனுக்கு இதுல என்ன லாபம்னு குறிப்பா சொல்லுங்க.

#2 கரையோரன்

இதே கேள்வி எனக்கும் உண்டு. ஒரே ஒரு கேமுக்காக ஒரு கன்சோல் வாங்கி, அதை முடிச்சதும் ஆறு மாசம் மூடியே வச்சிருந்தேன்.

#3 பழையபெட்டி

நீலத்திரை, குறிப்பாகவே சொல்கிறேன். ஒரே பெட்டி இருந்த காலம் ஒன்று உண்டு, கிட்டத்தட்ட.

1980களின் பிற்பாதி, அமெரிக்கா. 1983இல் அங்கே கேம் சந்தை சரிந்துவிட்டது. அந்த இடிபாட்டில் 1985இல் நின்டெண்டோவின் என்.இ.எஸ். வந்து நின்றது. சில ஆண்டுகளில் கன்சோல் என்றாலே அதுதான் என்றானது. அப்போது கேம் செய்பவர்களுக்கு என்ன விதி தெரியுமா? ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 5 கேம்தான் வெளியிடலாம். கேம் பதிந்த கார்ட்ரிட்ஜை நின்டெண்டோதான் தயாரித்துத் தரும், காசை முன்கூட்டியே கட்ட வேண்டும். அந்த கேமை 2 ஆண்டுக்கு வேறு கன்சோலில் வெளியிடக் கூடாது. அனுமதி இல்லாத கார்ட்ரிட்ஜ் ஓடாதபடி பெட்டிக்குள்ளேயே ஒரு பூட்டுச் சிப். கொனாமி என்ற கேம் நிறுவனம் ஆண்டுக்கு 5 என்ற வரம்பைத் தாண்டுவதற்காகவே அல்ட்ரா கேம்ஸ் என்று இன்னொரு பெயரில் கடை திறக்க வேண்டியிருந்தது.

அந்த விதிகளுக்கு அன்று ஒரு நியாயமும் இருந்தது. சரிவுக்கு ஒரு காரணம் குப்பை கேம்களின் வெள்ளம். ஆனால் வெள்ளத்தை அடைக்கக் கட்டிய அணை, வெள்ளம் வடிந்த பிறகும் அப்படியே நின்றது. அதை இளக்கியது சேகா என்ற போட்டி நிறுவனம். அவர்களின் ஜெனிசிஸ் பெட்டி 1989இல் அமெரிக்காவுக்கு வந்தது. கேம் செய்யும் நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அந்தப் பெட்டியைத் தாங்களாகவே ஆராய்ந்து, அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, 1990இல் சேகாவிடம் நல்ல ஒப்பந்தம் பேசி வாங்கினார்கள். போக இன்னொரு இடம் இருந்ததால்தான் அந்தப் பேரமே சாத்தியமானது. நின்டெண்டோவும் தன் பிடியைத் தளர்த்தியது.

ஆடுபவனுக்கு என்ன லாபம் என்று கேட்டீர்கள். எந்த கேம் பிறக்கலாம், எது பிறக்கக் கூடாது என்று முடிவு செய்யும் மேசை ஒன்றுக்கு மேல் இருப்பதுதான் லாபம். ஒரு மேசையில் தள்ளிவிடப்பட்டது இன்னொன்றில் எழுந்து நிற்கும்.

இதற்கு ஆகப்பெரிய சாட்சி பிளேஸ்டேஷனே. என்.இ.எஸ்ஸுக்கு அடுத்த பெட்டியான சூப்பர் நின்டெண்டோவுக்கு சிடி இணைப்பு செய்ய சோனியும் நின்டெண்டோவும் சேர்ந்துதான் வேலை பார்த்தார்கள். 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாளே நின்டெண்டோ, தாங்கள் பிலிப்ஸோடு சேர்ந்துகொள்வதாக அறிவித்தது. சோனியின் பொறியாளர் கென் குடராகி அந்த யோசனையை விடவில்லை. சோனிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தும் தனிப் பெட்டியாக வளர்த்தார். 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தது. தரம் ஒன்று, பெட்டி ஒன்று, அதற்கு ஒரு குழு என்று இருந்திருந்தால் அந்த யோசனை 1991லேயே கோப்புக்குள் போயிருக்கும்.

#4 நீலத்திரை

மேசை உதாரணம் புரியுது, ஏத்துக்கறேன். ஆனா அது முப்பது வருஷத்துக் கதை. இப்போ பாருங்க. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ரெண்டும் 2020 நவம்பர்ல வந்தது. ரெண்டுலயும் ஏஎம்டி கம்பெனி சிப், அதே ஜென் 2 வகை, 8 கோர் (ஒரே சிப்புக்குள்ள தனித்தனியா வேலை செய்யற மூளைகள்). கிராபிக்ஸும் அதே குடும்பம். டிவியில ஓடும்போது எது எதுன்னு எனக்குத் தெரியல. இதுல எங்க இருக்கு வகை? ஒரே சட்டைக்கு ரெண்டு பட்டன் நிறம், அவ்வளவுதானே?

#5 நிரலாளி

கேம்களை ஒரு கன்சோலில் இருந்து இன்னொன்றுக்குப் போர்ட் செய்யும் வேலையில் பல ஆண்டு இருந்தவன். அந்தப் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பெட்டிகள் ஒரே மாதிரி ஆனதில் எங்களைப் போன்றவர்களுக்கு நிம்மதி உண்டு, மறைக்க மாட்டேன். பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) காலத்தை நினைத்துப் பாருங்கள். அதன் செல் சிப்பில் ஒரு முக்கிய கோர், அதைச் சுற்றி எஸ்பியூ என்கிற சின்ன கோர்கள். கேமுக்குக் கிடைத்தவை 6. ஒவ்வொன்றுக்கும் 256 கேபி சொந்த மெமரிதான். எந்தத் தரவு எப்போது உள்ளே வர வேண்டும், எப்போது வெளியே போக வேண்டும் என்று நீங்களே கையால் திட்டமிட வேண்டும். மொத்த மெமரியும் 256 எம்பி, 256 எம்பி என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும். அதே காலத்து எக்ஸ்பாக்ஸ் 360இல் அதே 512 எம்பி ஒரே குளம், தேவைப்படுகிறவர் தேவையான அளவு எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்காக எழுதியதை மற்றதில் கொட்டினால் ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, விழும். ஒரு திட்டத்தில் அந்தச் சமாளிப்புக்கு மட்டும் எங்கள் குழுவுக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் கேமில் இன்னும் இரண்டு கட்டம் சேர்த்திருக்கலாம். வகை வேண்டும் என்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

ஆனால் ஒன்று. வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, எந்த கோர் சும்மா இருக்கிறதோ அதனிடம் கொடுக்கும் பழக்கம் எனக்கு வந்தது அந்தக் கஷ்டத்தில்தான். எட்டு கோர் பெட்டிகள் வந்தபோது பழைய மாதிரி எழுதிக்கொண்டிருந்தவர்கள் திணறினார்கள். நாங்கள் திணறவில்லை.

#6 பழையபெட்டி

மேற்கோள் – நீலத்திரை: இதுல எங்க இருக்கு வகை?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். உங்களோடு உடன்படுகிறேன். பெட்டியின் எண்ணிக்கை வேறு, வகை வேறு. ஒரே எண்ணத்தில் மூன்று பெட்டி செய்தால் அது வகை ஆகாது. நான் ஆசைப்படுவது வேறு வேறு எண்ணத்தில் பிறந்த பெட்டிகளை.

2006ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிறுவனங்கள் எச்டி, இன்னும் கூர்மை, இன்னும் வேகம் என்று ஓடிக்கொண்டிருந்தன. நின்டெண்டோவின் வீ மட்டும் எச்டியைவிடக் கூர்மை குறைந்த 480பியோடு நின்றுகொண்டு, கையை வீசினால் மட்டை வீசும் என்றது. தொழில்நுட்பப் பட்டியலில் கடைசி. ஆனால் 10 கோடிக்கு மேல் விற்று அந்தத் தலைமுறையில் முதலிடம். பதினாறு பட்டன் பார்த்ததும் கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிடும் பெரியவர்கள் எழுந்து நின்று பந்து உருட்டினார்கள். 2010இல் அசைவை உணரும் கருவிகளாக சோனி மூவ் கொண்டுவந்தது, மைக்ரோசாஃப்ட் கினெக்ட் கொண்டுவந்தது. இரண்டும் வீ போட்ட கேள்விக்கான பதில்கள்.

இந்த எண்ணத்தின் வேர் இன்னும் பழையது. நின்டெண்டோவின் கையடக்கப் பெட்டியான கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய், நன்றாகப் பழகித் தேய்ந்த, மலிவான தொழில்நுட்பத்தை எடுத்து அதற்குப் புதிய பயன் கண்டுபிடி என்பார். 1989இல் கேம் பாய் வந்தபோது திரை பாசி நிறம், பின்னொளி இல்லை. அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியர் வண்ணத்தில், ஒளியோடு வந்தது. பார்த்தால் யாரும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் கேம் கியர் 6 பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும், கேம் பாய் 4 பேட்டரியில் அதைவிடப் பல மடங்கு நேரம் ஓடும். நீண்ட பயணத்தில் கையில் உயிரோடு இருந்தது பாசி நிறத் திரைதான். ஒரு பொதுத் தரக் குழு அன்று கூடியிருந்தால் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும்? வண்ணத்தைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெட்டியின் வடிவத்தில் இருந்தே கேம் பிறப்பதும் உண்டு. 2007இல் நின்டெண்டோவின் இரட்டைத் திரைக் கையடக்கப் பெட்டியான டிஎஸ்ஸுக்கு வந்த எட்ரியன் ஒடிசி ஆடியிருக்கிறீர்களா? மேல் திரையில் நிலவறை, கீழ்த் திரையில் கட்டம் போட்ட தாள். நடக்க நடக்கச் சுவர், கதவு, படிக்கட்டு எல்லாவற்றையும் எழுதுகோலால் நீங்களே வரைய வேண்டும். மூன்றாம் தளத்தில் நான் ஒரு சுவரைத் தவறாக வரைந்துவிட்டு ஒரு மாலை முழுக்க அதே இடத்தில் சுற்றினேன். வரைபடம் என் கையால் போட்டது என்பதால் அந்த நிலவறையே எனக்குச் சொந்தமானது போல் இருந்தது. 2023இல் அதை ஒரே திரைக்கு மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். நல்ல உழைப்புதான், வரைபடம் திரையின் ஓரத்தில் இருக்கிறது. ஆனால் தலையைக் குனிந்து தாளில் எழுதிவிட்டு நிமிர்ந்து இருட்டைப் பார்க்கும் அந்தச் சிறு அசைவு இல்லை. அந்த அசைவில்தான் கேமே இருந்தது.

#7 மழைத்துளி

இந்த இழையைப் பார்த்ததும் எழுத வேண்டும் போல் இருந்தது. என் தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல்தான் முழுதாக மடங்கும். சின்ன வயதில் நாங்கள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து "அக்கா, இப்ப குதி, இப்ப குதி" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். கன்ட்ரோலரைக் கொடுத்தால் வாங்க மாட்டான்.

2018இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் கொண்டுவந்தது. உள்ளங்கையால் அழுத்தும்படி இரண்டு பெரிய வட்டப் பட்டன், பின்புறம் வரிசையாக 3.5 மி.மீ. துளைகள். எந்தச் செயலுக்கு எந்தச் சுவிட்ச் வேண்டுமோ அதைச் செருகிக்கொள்ளலாம். கால் மிதி, முழங்கையால் தட்டும் பட்டன், எதுவும். தம்பி முடுக்கியைக் காலுக்கும் பிரேக்கை முழங்கைக்கும் வைத்துக்கொண்டான். முதல் கார் பந்தயத்தில் கடைசியாக வந்தான், சத்தம் போட்டுச் சிரித்தான்.

சோனி 2023 டிசம்பரில் ஆக்சஸ் கன்ட்ரோலர் கொண்டுவந்தது. வட்டமாக, மேசையில் படுத்திருக்கும் வடிவம், பட்டன் மூடிகளைக் கழற்றி மாற்றலாம். அதுவும் வேறு எண்ணம். உள்ளங்கை வலு உள்ளவர்களுக்கு ஒன்று பொருந்தும், விரல் நுனி மட்டும் அசைபவர்களுக்கு இன்னொன்று. உடம்புகள் ஒரே மாதிரி இல்லையே. இரண்டாவது வந்ததற்கு முதலாவது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

#8 நீலத்திரை

மழைத்துளி அக்கா, இதை எழுதினதுக்கு நன்றி. உங்க தம்பிக்கு என் அன்பு.

#9 கரையோரன்

எல்லாம் சரி. ஆனா ஒரு பெட்டிக்கு மட்டும் வர்ற கேம், எக்ஸ்க்ளூசிவ்னு ஒண்ணு இருக்கே, அதை யாரும் தொடலை. 2015ல ரைஸ் ஆஃப் த டூம் ரைடர் எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் வந்தது. பிஎஸ்4க்கு வர 2016 அக்டோபர் ஆச்சு. அந்த கேம் பிஎஸ்4ல ஓடாதுன்னு இல்ல, காசு கொடுத்து ஒரு வருஷம் கதவைப் பூட்டி வச்சாங்க. இதையும் வகைன்னு சொல்வீங்களா அண்ணா?

#10 பழையபெட்டி

சொல்ல மாட்டேன் தம்பி. அதை நான் எப்போதும் எதிர்த்தே பேசி வந்திருக்கிறேன். ஏற்கெனவே எல்லோருக்கும் வரவிருந்த ஒன்றை விலைக்கு வாங்கித் தடுப்பதால் உலகத்தில் ஒரு கேம்கூடக் கூடவில்லை.

ஆனால் எக்ஸ்க்ளூசிவ் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொருள் கிடக்கிறது. ஒன்று நீங்கள் சொன்னது. இரண்டாவது, எட்ரியன் ஒடிசி போல, பெட்டியின் உடம்போடு ஒட்டிப் பிறந்தது. அதை மற்ற பெட்டியில் தராதது வஞ்சகம் இல்லை. மூன்றாவது, பயோனெட்டா 2 என்ற கேம். முதல் பாகம் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் வந்தது. இரண்டாம் பாகத்துக்குப் பணம் போட ஆள் இல்லாமல் போனபோது நின்டெண்டோ முன்வந்தது. 2014இல் நின்டெண்டோவின் வீ யூ பெட்டியில் மட்டும் வந்ததும் முதல் பாக ரசிகர்கள் பலர் கோபப்பட்டார்கள். செய்தவர்கள் சொன்ன பதில், நின்டெண்டோ இல்லையென்றால் இந்த கேமே இல்லை என்பது. அங்கே பூட்டப்பட்ட கதவு எதுவும் இல்லை, புதிதாக ஒரு வீடே கட்டினார்கள். முதலாவதைத் திட்டும் வேகத்தில் மூன்றாவதையும் அடித்துவிடக் கூடாது.

#11 நிரலாளி

2013ஐயும் இங்கே சொல்ல வேண்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்த்தால்தான் கேம் ஓடும், பழைய தட்டுகளை விற்க, கைமாற்றக் கட்டுப்பாடு என்றார்கள். ஜூன் 10 அன்று இ3 கேம் கண்காட்சி மேடையில் சோனி, எங்கள் தட்டை நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கலாம், இணையமும் கட்டாயமில்லை என்றது. அரங்கம் எழுந்து கைதட்டியது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளைத் திரும்பப் பெற்றது. ஒன்பது நாள். ரசிகர்களின் கோபம் அதற்கு முந்தைய மாதமே இருந்தது. கோபப்பட்டவர்கள் போக இன்னொரு கடை திறந்ததும்தான் அது விதியை மாற்றியது.

#12 நீலத்திரை

அதே மேடையில இன்னொண்ணும் நடந்தது நிரலாளி. பிஎஸ்3ல ஆன்லைன் ஆட்டம் இலவசம். பிஎஸ்4ல அதுக்கு சந்தான்னு அதே 2013ல சொன்னாங்க. எக்ஸ்பாக்ஸ்ல ஏற்கெனவே சந்தா. கைதட்டல்ல அது யாருக்கும் கேக்கல. நல்லதைப் பார்த்துக் காப்பி அடிக்கற மாதிரியே கெட்டதையும் காப்பி அடிக்கறாங்க.

இன்னொரு பெரிய வருத்தம். விதவிதமா பெட்டி செஞ்சா, பெட்டி செத்ததும் கேமும் சாகுது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல வந்த பழைய கேம்கள்ல 87 சதவீதம் இன்னிக்குக் கடையில கிடைக்காது. ரெட்டைத் திரை, கை அசைவு, எழுதுகோல்னு விசேஷமா செய்யச் செய்ய, அதை அப்புறம் காப்பாத்தறதும் கஷ்டம்தானே?

#13 பழையபெட்டி

சந்தா விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொன்னது உண்மை. மூன்று பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஆடுபவனுக்குப் போக இடம் இல்லை.

87 சதவீதம் என்னை உண்மையாகவே உறங்கவிடாத எண். அதற்கு வகை மட்டும் காரணமில்லை. உரிமைச் சிக்கல், மூடிப்போன நிறுவனங்கள், மறுபடி வெளியிட்டால் லாபம் வராது என்ற கணக்கு, எல்லாம் சேர்ந்தது. ஆனாலும் விசேஷமான பெட்டி சீக்கிரம் அனாதையாகிறது என்பதை மறுக்க முடியாது. அதனாலேயே அவற்றைச் செய்யாமல் இருந்துவிடலாம் என்று மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சேகாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் முதல் பெட்டி எஸ்ஜி-1000, நின்டெண்டோவின் ஃபாமிகாம் (என்.இ.எஸ்ஸின் ஜப்பான் வடிவம்) வந்த அதே நாளில், 1983 ஜூலை 15 அன்று வந்தது. கடைசிப் பெட்டி ட்ரீம்காஸ்ட், 1998. இணையத்தில் சேரப் பெட்டிக்குள்ளேயே மோடம். 2000இல் வந்த ஃபேண்டசி ஸ்டார் ஆன்லைன் கேமில் வேறு மொழி பேசுபவரோடு தயார் வாக்கியங்களை வைத்துப் பேசலாம். நீங்கள் தேர்ந்தெடுத்தது அவர் திரையில் அவர் மொழியில் தோன்றும். விஎம்யூ என்ற நினைவட்டைக்குத் தனித் திரையும் பட்டனும் உண்டு, கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். 2001 மார்ச்சோடு தயாரிப்பு நின்றது. விற்றது 1 கோடியைக்கூடத் தொடவில்லை. சேகா கேம்களின் நாயகன் சோனிக் அதன் பிறகு நின்டெண்டோ பெட்டியிலேயே ஓடினான். கேம்கள் பிழைத்தன. ஆனால் வன்பொருளை வைத்து விளையாடிப் பார்க்கும் அந்தத் துணிச்சல் சேகாவோடு போய்விட்டது. இப்போது எக்ஸ்பாக்ஸின் சொந்த கேம்கள் 2024 முதல் பிளேஸ்டேஷனுக்கும் வருவதைப் பார்க்கும்போது மகிழ்ச்சிக்குப் பதில் எனக்கு 2001தான் ஞாபகம் வருகிறது.

#14 நீலத்திரை

நான் முதல்ல கேட்டதை மாத்திக்கறேன். ஒரே பெட்டி வேண்டாம். பெட்டிகள் எவ்வளவு வித்தியாசமா வேணும்னாலும் இருக்கட்டும். ஆனா ரெண்டு பெட்டியிலயும் வர்ற கேமை நான் ஒருதடவை வாங்கினா, ரெண்டுலயும் எனக்குச் சொந்தமா இருக்கணும். நண்பன் எந்தப் பெட்டியில இருந்தாலும் என்கூட ஆட முடியணும். ஃபோர்ட்நைட் கேம்ல 2018 செப்டம்பர்ல சோனி அந்தக் கதவைத் திறந்துச்சு, யாரும் கெட்டுப்போகல. வாங்கினதுக்கும் அதே மாதிரி திறக்கலாம்.

#15 நிரலாளி

இதற்கு நான் கையெழுத்துப் போடுவேன். தொழில்நுட்பரீதியாகப் பெரிய தடை இல்லை. கணக்கு யாருடையது, பங்கு யாருக்கு என்ற பேச்சுவார்த்தைதான் தடை.

#16 குட்டிமேகம்

அண்ணா, நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ட்ரீம்காஸ்ட்னு படிச்சதும் ஓடி வந்தேன். எங்க மாமா வீட்டுப் பரண்ல ஒண்ணு இருந்தது, போன வாரம் எனக்குக் கொடுத்துட்டார். ஆன் பண்ணா நேரம் கேக்குது, அந்த விஎம்யூ பீப்னு கத்துது, அதைக் கழட்டி எடுத்தா அதோட திரையில எதுவும் வரல. அவர் சேமிச்சு வச்சதெல்லாம் போயிடுச்சா?

#17 பழையபெட்டி

போகவில்லை, பயப்படாதே. விஎம்யூவில் சேமிப்பு ஃபிளாஷ் மெமரியில் இருக்கிறது, அதற்கு பேட்டரி தேவையில்லை. அந்த பீப் சத்தம் பேட்டரி தீர்ந்ததற்கு. பின்மூடியில் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும், கழற்றி இரண்டு சிஆர்2032 பட்டன் பேட்டரி போடு. நேரம் கேட்பது பெட்டிக்குள் இருக்கும் வேறு பேட்டரி, அதை அப்புறம் பார்க்கலாம். விஎம்யூவைக் கன்ட்ரோலரில் செருகி, முதல் மெனுவில் ஃபைல் பகுதிக்குப் போ. உன் மாமாவின் சேமிப்புகள் ஒவ்வொன்றும் ஒரு சின்னப் படத்தோடு வரிசையாக இருக்கும். எதையும் அழிக்காதே. என்னென்ன கேம் இருக்கிறது என்று இங்கே எழுது.

#18 குட்டிமேகம்

இருக்குண்ணா. எல்லாம் இருக்கு. ஃபேண்டசி ஸ்டார் ஆன்லைன் ஒண்ணு, ஷென்மூ ஒண்ணு, கிரேஸி டாக்ஸி ஒண்ணு. மாமாவைக் கூப்பிடப் போறேன்.